வட்டமாகப் போட்ட நாற்காலிகள்

நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வரவேற்க வேண்டிய உத்தரவுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐயாயிரம் பேர் படிக்கும் ஒரு பொறியியல் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். எட்டு நாடுகளில் 19 கல்லூரிகளைச் சேர்ந்த முதலாண்டு மாணவர்கள் 13,984 பேரிடம் உலக சுகாதார நிறுவனத்தின் திட்டமொன்று நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. மனச்சோர்வு, பதற்றம், போதைப் பழக்கம் போன்ற ஏதாவது ஒரு கோளாறு முந்தைய ஓராண்டுக்குள் இருந்ததாக அதில் தெரியவந்தவர்கள் 31 சதவீதம். அந்த எட்டு நாடுகளில் இந்தியா இல்லை. ஆகவே பாதியாகக் குறைத்து 15 சதவீதம் என்றே வைப்போம். 750 பேர். ஆலோசகர் நாளைக்கு ஆறு பேரைப் பார்த்தால் வாரத்துக்கு முப்பது. ஒவ்வொருவரையும் ஒரே ஒரு தடவை பார்த்து முடிக்க 25 வாரம், அதாவது ஒரு செமஸ்டருக்கும் மேல். இரண்டாவது தடவை அழைப்பு வரும்போது பையன் அரியர் எழுதிக்கொண்டிருப்பான்.

இந்தப் பற்றாக்குறை நமக்கு மட்டும் உரியதில்லை. பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இதற்கு இரண்டு வழிகளைக் கண்டன. ஒன்று குழு உளச்சிகிச்சை. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவரோ இருவரோ ஆறு முதல் பத்து மாணவர்களை வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் சேர்ந்து உட்காரவைத்து நடத்துவது. மற்றது சகமாணவர் துணை. ஓரளவு பயிற்சி பெற்ற மாணவர் இன்னொரு மாணவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது, தேவைப்பட்டால் உரிய இடத்துக்கு அழைத்துப் போவது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் இரண்டின் வரலாறும் வேறு. சான்றுகளின் பலமும் வேறு. தவறினால் நேரும் சேதமும் வேறு. முதலாவது சிகிச்சை. இரண்டாவது சிகிச்சை இல்லை. இரண்டாவதை முதலாவதன் மலிவுப் பதிப்பாக நினைத்து ஏற்பாடு செய்யும் நிர்வாகம் இரண்டையும் கெடுக்கிறது என்பதே என் வாதம்.

குழு உளச்சிகிச்சை தொடங்கியது மனநோய்க்காகவே இல்லை. 1905இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஜோசப் பிராட் ஏழைக் காசநோயாளிகளை வாரம் ஒருமுறை ஒன்றாகக் கூட்டினார். ஓய்வு, நல்ல காற்று, சுத்தம் பற்றிப் பாடம் எடுப்பதுதான் நோக்கம். பாடத்தைவிட, தன்னைப் போலவே இருமிக்கொண்டிருந்த இன்னொருவர் எடை கூடி வந்து நிற்பதைப் பார்ப்பதே அவர்களுக்குத் தெம்பு தருகிறது என்பதை அவர் கவனித்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பர்மிங்காம் அருகேயிருந்த நார்த்ஃபீல்டு ராணுவ மருத்துவமனையில் பியான், ஃபோக்ஸ் போன்ற மனநல மருத்துவர்கள் மனமுடைந்த சிப்பாய்களைக் குழுக்களாக நடத்தினார்கள். காரணம் எளியது: சிப்பாய்கள் ஏராளம், மனநல மருத்துவர்கள் கொஞ்சம். ஆகவே பற்றாக்குறையில் பிறந்த முறை இது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பற்றாக்குறைக்காகத் தொடங்கியது அதன் சொந்த பலத்தால் நிலைத்தது.

பல்கலைக்கழகத்துக்கு இது வந்து சேர்ந்த கதையில் நின்று பார்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு. 1960களின் கடைசியில் அமெரிக்காவில் ‘என்கவுன்டர் குழு’ என்ற அலை அடித்தது. முன்பின் தெரியாதவர்கள் கூடி உட்கார்ந்து, மனத்தில் இருப்பதை ஒளிவுமறைவின்றி முகத்துக்கு நேராகச் சொல்லிக்கொள்வது. அழுகை, கட்டிப்பிடித்தல், கோபம் எல்லாம் உண்டு. இதனால் வாழ்க்கையே மாறியது என்றவர்களும் இருந்தார்கள், மூளைச்சலவை என்றவர்களும் இருந்தார்கள். லிபர்மன், யாலோம், மைல்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் சண்டையை விட்டுவிட்டு எண்ணிப் பார்க்கத் துணிந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் சுமார் இருநூறு பேரை வெவ்வேறு பாணித் தலைவர்கள் நடத்திய குழுக்களில் சேர்த்து, முடிந்த பிறகும் பல மாதங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 1973இல் நூலாக வந்தது. கணிசமானோர் பயனடைந்திருந்தார்கள், பலருக்கு எந்த மாற்றமும் இல்லை. ஆனால் 16 பேர் குழுவால் நீடித்த பாதிப்புக்கு உள்ளாகியிருந்தார்கள்.

அந்தப் பதினாறு பேர் எங்கே அதிகம் இருந்தார்கள் என்பதுதான் முக்கியம். வசீகரமும் ஆவேசமும் கொண்டு, ‘இப்போதே மனத்தைத் திற’ என்று நெருக்கிய, திறக்காதவரைக் குத்திக்காட்டிய தலைவர்களின் குழுக்களில். அதைவிட முக்கியமான இன்னொரு செய்தி: யார் காயப்பட்டார் என்று பின்னால் கேட்டபோது தலைவர்கள் பலருக்குத் தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த சக மாணவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஐம்பதாண்டுக்கு முந்தைய இந்த ஆய்வை நம் ஊரில் ‘ஊக்க உரை’ முகாம் நடத்துவோரெல்லாம் ஒருமுறை படிக்க வேண்டும். ஐந்நூறு மாணவர்களை அரங்கத்தில் உட்காரவைத்து, விளக்கை அணைத்து, அம்மா அப்பாவைப் பற்றிப் பேசி மொத்தப் பேரையும் அழவைத்துவிட்டுப் பேருந்து ஏறும் பேச்சாளருக்கும் அந்தப் பழைய தலைவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்த மூவரில் ஒருவரான இர்வின் யாலோம் 1970இல் எழுதிய குழு உளச்சிகிச்சை நூல் இன்றும் பாடநூலாக இருக்கிறது. குழு ஏன் குணப்படுத்துகிறது என்பதற்கு அவர் அடுக்கும் காரணங்களில் மூன்று மாணவர்களுக்கு நேராகப் பொருந்தும். எனக்கு மட்டும்தான் இப்படி என்ற எண்ணம் உடைவது முதலாவது. தமிழ் வழியில் படித்து மாவட்டத்தில் முதல் மதிப்பெண் வாங்கி வந்து, முதல் செமஸ்டரில் மூன்று தாள்களில் தோற்ற பெண், பேட்ச் முழுவதும் தன்னைத் தவிர எல்லோரும் புத்திசாலிகள் என்று நம்பிக்கொண்டிருப்பாள். எதிரே உட்கார்ந்திருக்கும் சிபிஎஸ்இ பையனும் அதையே நம்பிக்கொண்டு தூங்காமல் கிடக்கிறான் என்று தெரியும் நொடியில் நடப்பதைத் தனி ஆலோசகர் எத்தனை அமர்வுகளில் சொன்னாலும் நடத்திக்காட்ட முடியாது. இரண்டாவது, தானும் ஒருவருக்கு உதவ முடியும் என்று காண்பது. தான் யாருக்கும் பயனில்லை என்று நினைப்பவருக்கு இது மருந்து. மூன்றாவது, தான் பிறரிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது கண்ணெதிரே தெரிவது. எப்போதும் சிரித்துப் பேசி எல்லோரையும் சமாதானப்படுத்தும் பையனிடம், ‘உன்னைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் சொல்லவே இல்லையே’ என்று இன்னொருவன் கேட்பான். ஆலோசகர் கேட்டால் அது கேள்வி. சக வயதுக்காரன் கேட்டால் அது வேறு.

பலன் உண்டா? உண்டு. ஒரே சிகிச்சையைத் தனியாகவும் குழுவாகவும் கொடுத்து ஒப்பிட்ட கால் நூற்றாண்டு ஆய்வுகளை உளவியலாளர் கேரி பர்லிங்கேமும் அவர் குழுவினரும் 2016இல் தொகுத்துப் பார்த்தபோது, இரண்டின் பலனும் சமமாகவே இருந்தது. மனச்சோர்வு, சமூகப் பதற்றம், உணவுக் கோளாறு போன்றவற்றுக்குக் குழு என்பது இரண்டாந்தர ஏற்பாடு இல்லை என்று தயங்காமல் சொல்லலாம். ஆனாலும் மாணவர்கள் குழுவென்றால் பின்வாங்குகிறார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் இதே கதைதான். ‘நான் சொல்வது வெளியே போய்விட்டால்?’ என்பதே முதல் பயம், அது நியாயமான பயமும்கூட. சிகிச்சையாளரை ரகசியம் காக்கச் சொல்லித் தொழில் நெறியும் சட்டமும் கட்டிப்போடுகின்றன. குழுவில் இருக்கும் மற்ற மாணவர்களை வாக்குறுதி மட்டுமே கட்டிப்போடுகிறது. ஒரே விடுதி, ஒரே மெஸ், ஒரே வாட்ஸ்அப் குழு என்று வாழும் வளாகத்தில் அந்த வாக்குறுதி எளிதில் தேய்ந்துவிடும்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை, அலுப்பூட்டும் தீர்வுதான். குழு தொடங்குமுன் ஒவ்வொருவரையும் தனியே சந்தித்து, இது இவருக்குப் பொருந்துமா என்று பார்ப்பது. ஒரே வகுப்பையோ ஒரே துறையையோ சேர்ந்தவர்களை ஒரே குழுவில் போடாமல் இருப்பது. தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர், மனச்சிதைவின் கடுமையான கட்டத்தில் இருப்பவர் ஆகியோருக்கு முதலில் தனிச் சிகிச்சை தருவது. பாதியில் புதியவரைச் சேர்க்காத மூடிய குழுவாக எட்டு முதல் பன்னிரண்டு வாரம் நடத்தி செமஸ்டரோடு முடிப்பது. நம் கல்லூரிகளில் ‘குரூப் கவுன்சலிங்’ என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி இவை எதுவுமின்றி ஒரு வகுப்பையே கூட்டி மன அழுத்தம் பற்றிப் பவர்பாயின்ட் காட்டுவது. அதைச் சொற்பொழிவு என்று அழைத்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

சகமாணவர் துணையின் வேர் மருத்துவமனையில் இல்லை. 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய குடிநோயாளிகள் சங்கத்தில் ஒரு குடிநோயாளியை மீட்கத் தகுதி படைத்தவர் இன்னொரு குடிநோயாளிதான் என்ற நம்பிக்கை இருந்தது. 1970இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ‘நைட்லைன்’ தொடங்கியது: இரவில் ஆலோசகர் அறைகள் பூட்டிய பிறகு மாணவர்களே தொலைபேசி அருகே விழித்திருக்கும் ஏற்பாடு. பிறகு பிரிட்டனின் பல பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. அதன் விதிகள் கவனிக்கத்தக்கவை. அழைப்பவர் பெயர் சொல்ல வேண்டாம். கேட்பவரும் தான் நைட்லைன் தொண்டர் என்பதை வெளியே சொல்லக் கூடாது. தீர்ப்புச் சொல்லக் கூடாது. அறிவுரையும் கூடாது. இந்தக் கடைசி விதியை நம் ஊரில் நடைமுறைப்படுத்துவது லேசில்லை. துக்கம் சொல்ல வந்தவரை இரண்டு நிமிடம் பேசவிட்டு இருபது நிமிடம் அறிவுரை சொல்வது நமக்குப் பாசத்தின் அடையாளம். 2001இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவி அலிசன் மால்மன், அண்ணனைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த பின் தொடங்கிய மாணவர் அமைப்பு ‘ஆக்டிவ் மைண்ட்ஸ்’ என்ற பெயரில் அமெரிக்காவெங்கும் கிளைவிட்டது. அதன் வேலை ஆலோசனை இல்லை; மனநோயைப் பற்றி வளாகத்தில் கூசாமல் பேசவைப்பது.

இதற்கெல்லாம் சான்று எவ்வளவு? குழு உளச்சிகிச்சைக்கு இருப்பதைப் போல இல்லை. பல்கலைக்கழகத்தில் சகமாணவர் துணையால் மனநலம் மேம்பட்டதா என்று ஒழுங்காக அளந்த ஆய்வுகள் குறைவு. பயிற்சி பெற்ற மாணவரின் அறிவும் துணிவும் கூடுவது தெளிவாகத் தெரிகிறது; அவரிடம் பேச வந்தவருக்கு நோய் குறைந்ததா என்பது அந்த அளவுக்குத் தெளிவாக இல்லை. எச்சரிக்கையும் ஒன்று இருக்கிறது. 2002இல் அமெரிக்க உளவியலாளர் அமாண்டா ரோஸ் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆராய்ந்து கண்டது இது: தோழியர் இருவர் ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பப் பேசிப் புலம்பும் இடத்தில் நட்பும் இறுக்கமாக இருந்தது, கூடவே மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாக இருந்தன. இரவு இரண்டு மணி வரை விடுதி மாடிப்படியில் நடக்கும் பேச்சில் இரண்டும் சேர்ந்தே நடப்பதைப் பலர் அறிவார்கள்.

ஆனால் நம்பிக்கை தரும் சான்றுகள் எதிர்பாராத திசையிலிருந்து வந்தன. உகாண்டாவின் முப்பது கிராமங்களில் மனச்சோர்வு கொண்டவர்களுக்கு உள்ளூர்க்காரர்களே, மருத்துவர்களோ உளவியலாளர்களோ இல்லாதவர்கள், பதினாறு வாரம் குழுச் சிகிச்சை நடத்தினார்கள். 2003இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியக்கவைத்தது. மனச்சோர்வு பெருமளவு குறைந்திருந்தது. ஜிம்பாப்வேயில் மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் பதினான்கு பாட்டிமாரைப் பெஞ்சில் உட்காரவைத்து, மனம் சோர்ந்து வருபவர்களோடு பேசவைத்துத் தொடங்கிய ‘நட்பு பெஞ்ச்’, 2016இல் கடுமையான ஆய்வில் தேறியது. மாணவர் உலகுக்கு மிக நெருக்கமானது கென்யாவின் ‘ஷமிரி’. பள்ளி முடித்துச் சில ஆண்டுகளே ஆன இளைஞர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சிறு குழுக்களாக நான்கு வாரம் நடத்தினார்கள். 413 பேர் பங்கேற்ற அந்த ஆய்வு 2021இல் வந்தது. படிப்புத் திறன் கற்பித்த இன்னொரு குழுவோடு ஒப்பிட்டால் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் குறைந்திருந்தன. மூன்றிலும் பட்டம் பெற்ற உளவியலாளர் எதிரே உட்காரவில்லை. ஆனால் மூன்றிலும் வாராவாரம் என்ன செய்வது என்று எழுதிய நிரல் இருந்தது. தேர்ந்தெடுத்து அளித்த பயிற்சி இருந்தது. தடுமாறினால் கேட்க மேற்பார்வையாளர் இருந்தார். நம்மவர்கள் இந்த ஆய்வுகளை மேற்கோள் காட்டும்போது முதல் பாதியைச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே ‘சீனியர்’ என்ற சொல்லோடு ஒட்டிய பயம் பழையது. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொலையுண்டதும், மறு ஆண்டு ராகிங் தடைச் சட்டம் வந்ததும் ஒரு தலைமுறைக்கு மறக்காத செய்தி. அந்த சீனியரையே துணையாக நிறுத்துவது சின்ன மாற்றமில்லை. சென்னை ஐஐடியில் ‘சாத்தி’ என்ற மாணவர் வழிகாட்டி அமைப்பு செயல்படுகிறது. 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ‘மனம்’ என்ற திட்டத்தை அரசு மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கியது. மனநல நல்லாதரவு மன்றம் என்பதன் சுருக்கம் அது. மாணவர்களையே தூதர்களாக நிறுத்தி, பின்னால் மனநலத் துறைப் பேராசிரியர்கள் இருக்கும் அமைப்பு. மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது புத்திசாலித்தனம். அங்கே மேற்பார்வைக்கு ஆள் அடுத்த கட்டடத்திலேயே இருக்கிறார். இதையே அப்படியே ஒரு கலைக் கல்லூரிக்கு எடுத்துப் போனால் அடுத்த கட்டடத்தில் யார் இருப்பார் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள், பள்ளிப் பிள்ளைகளும் உட்பட, 13,044 பேர். இந்த எண்ணை வைத்துக்கொண்டு, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் நாற்பது பேருக்கு ஒரு நாள் பயிலரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுத்து, இனி நீங்கள்தான் துணை என்று அனுப்பிவைப்பது பொறுப்பற்ற செயல்.

நம் வளாகங்களுக்கே உரிய இன்னொரு சிக்கலை மேலைநாட்டு நூல்கள் சொல்லித்தரா. சாதி. எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்தால் அவர்களோடு எட்டுக் குடும்பங்களின் சாதியும் உட்காரும். ‘கோட்டாவில் வந்தவன்’ என்று லேபில் ஒருவன் சொன்னதைத் தன் துயரத்தின் மையமாகச் சுமக்கும் மாணவரை, அதைச் சொல்லக்கூடியவர்கள் நிறைந்த குழுவில் உட்காரவைத்து மனம்திறக்கச் சொன்னால் அது இரண்டாவது காயம். ஆலோசகரும் அதைக் கேட்டு, ‘நீங்கள்தான் அதிகம் யோசிக்கிறீர்கள்’ என்றால் மூன்றாவது. 2016இல் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் சாதிப் பாகுபாட்டுக்கு எதிராகப் பேசிய ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா தற்கொலை செய்துகொண்டபோது நாடு இதைப் பேசியது. ஆலோசனை மையங்களின் நடைமுறையில் அந்தப் பேச்சு இறங்கியதாகத் தெரியவில்லை. அம்பேத்கர் மாணவர் சங்கங்களும், சென்னை ஐஐடியில் 2014இல் தொடங்கி அடுத்த ஆண்டு அங்கீகாரம் பறிக்கப்பட்டுச் சில நாட்களில் திரும்பப் பெற்ற அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டமும் அரசியல் அமைப்புகள்தான். ஆனால் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவருக்கு அத்தகைய இடங்களில் கிடைப்பதில் ஒரு பகுதி, யாலோம் சொல்லும் ‘எனக்கு மட்டும் இல்லை’ என்ற ஆறுதலே. அவற்றைச் சந்தேகத்தோடு பார்க்கும் நிர்வாகம் அதே கையால் மனநல மையத்துக்கு ரிப்பன் வெட்டுகிறது.

இலங்கையில் வேறொரு சங்கடம். அங்கே பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகர்களாக நியமிக்கப்படுவோர் விரிவுரையாளர்கள். மதிப்பெண் போடுபவரிடமே மனத்தைத் திறப்பது எப்படி? மறுபுறம், யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரம் போன்ற மருத்துவர்கள் போரின் காயத்தைத் தனிமனிதரின் நோயாக மட்டும் பார்க்காமல் சமூகத்தின் காயமாகப் பார்த்துக் கூட்டாக ஆற்ற முயன்ற அனுபவம் தமிழில் பதிவாகியிருக்கிறது. நம் கல்லூரிகள் வெளிநாட்டுக் கையேடுகளை மொழிபெயர்க்குமுன் அதைப் புரட்டிப் பார்க்கலாம்.

துணை நிற்கும் மாணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, ‘நான் செத்துப்போகலாமென்று இருக்கிறேன், யாரிடமும் சொல்லாதே’ என்று தோழி சொன்னதைச் சுமந்துகொண்டு ராத்திரி முழுவதும் விழித்திருப்பது தொண்டு இல்லை, கொடுமை. அந்த ரகசியத்தைக் காக்கக் கூடாது. யாரிடம், எந்த எண்ணில், எந்த நேரத்திலும் சொல்லலாம் என்பது முதல் நாள் பயிற்சியிலேயே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறை அவள் கேட்டவற்றை இறக்கிவைக்க ஒரு மூத்தவர் வேண்டும். தேர்வு நேரத்தில் விலகி நிற்க அனுமதி வேண்டும். மறுபக்கம், உதவி தேடி வந்த மாணவரின் செய்தி வார்டன் வழியாக உடனே பெற்றோருக்கும் துறைத் தலைவருக்கும் போய்விடும் வளாகத்தில் எந்தத் துணைத் திட்டமும் நிலைக்காது. உயிருக்கு ஆபத்து இருக்கும்போது சொல்ல வேண்டியதும், காதல் முறிவையும் அரியரையும் சொல்லக் கூடாததும் வேறு வேறு என்பதை எழுதி வைத்து, மாணவர்கள் முன்னால் படித்துக் காட்ட வேண்டும்.

மாணவர்கள் ஆலோசகரிடம் போகுமுன் அறைத் தோழரிடம்தான் பேசுவார்கள். திட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேசுவார்கள். ஆகவே சகமாணவர் துணை வேண்டுமா என்ற கேள்வி எழவில்லை. அந்தத் தோழரைக் கைவிடப் போகிறோமா என்பதே கேள்வி. பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகும் பெற்றோர் பிளேஸ்மென்ட் விவரத்தோடு நான்கு கேள்விகளையும் கேட்டுப்பாருங்கள். முழுநேர ஆலோசகர் எத்தனை பேர்? அவர்கள் பாடமும் எடுக்கிறார்களா? துணை மாணவர்களுக்குப் பயிற்சி எத்தனை மணி நேரம், மேற்பார்வை யார்? இரவு பதினோரு மணிக்கு என் பிள்ளை யாரை அழைக்க வேண்டும்? கடைசிக் கேள்விக்குக் கல்லூரியிடம் பதில் இல்லையென்றால், மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும், கட்டணமின்றி, தமிழில் பேசலாம்.